தேன்கூட்டில் கை வைத்த கதை: விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி

இன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையில் இருந்து ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டர் வரலாறு பேசுற இடத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்.

2003, ஆவணி மாதம். தஞ்சாவூரில் ஒரு டி.டி.பி. கடையில் மாலை நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடையில் மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 98. அதில் ஒன்றில் மட்டும்தான் தமிழ் எழுத்துரு மென்பொருள் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது, ஒரு கணினிக்கு ஓர் உரிமம். அதில் உட்காருவது ஆபரேட்டர் அக்கா மட்டும். முகூர்த்த சீசனில் அந்த மெஷின்தான் கடைக்கே சோறு போடும்.

அக்கா தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஐந்து நாள் லீவில் போனார். புதன்கிழமை சாயங்காலம் கடையில் வேலை இல்லை. என் கையில் ஒரு கணினி இதழ் இருந்தது. அதில் ஒரு குறிப்பு: ஸ்டார்ட் மெனு திறக்க விண்டோஸ் வேண்டுமென்றே 400 மில்லி செகண்ட் காத்திருக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் 'மெனு ஷோ டிலே' என்று ஒரு பதிவு போட்டு அந்த எண்ணைக் குறைத்தால் மெனு பறக்கும். ரன் பெட்டியில் ரெஜ்எடிட் என்று அடித்தேன். இடது பக்கம் மரம் மாதிரி கிளை கிளையாக விரிந்தது. குறிப்பில் சொன்ன இடத்துக்குப் போய் எண்ணை மாற்றினேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் உண்மையிலேயே மெனு பறந்தது.

அதோடு எழுந்து போயிருக்கலாம். போகலை. 'சாஃப்ட்வேர்' என்கிற கிளையைத் திறந்தேன். கேள்விப்படாத கம்பெனி பெயர்களாக வரிசையாக இருந்தன. எல்லாம் எப்போதோ போட்டு எடுத்த மென்பொருட்களின் குப்பை என்று நினைத்துக்கொண்டு, நாலைந்தைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தேன். அதில் ஒன்று அந்தத் தமிழ் எழுத்துரு மென்பொருள். கம்பெனி பெயருக்கும் மென்பொருள் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?

ரெஜ்எடிட்டில் 'சேமி' பொத்தான் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மாற்றின கணமே மாறியது மாறியதுதான். கன்ட்ரோல்-இசட்டும் வேலை செய்யாது. இது எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை, அக்கா வந்து மென்பொருளைத் திறந்து, அது உரிம எண்ணைக் கேட்டு நின்றபோது. எண் எழுதிய அட்டை முதலாளியிடம் இல்லை. புதன்கிழமை டெலிவரி கொடுக்க வேண்டிய பத்திரிகைகள் ஆறு குடும்பத்துடையவை, எல்லாம் அந்த எழுத்துருவில் செட் பண்ணியவை.

அந்தக் கதையை இங்கே நிறுத்துகிறேன். அன்றைக்கு நான் கை வைத்தது எது, அது ஏன் அப்படி ஒரு இடத்தில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

*

ஆதியில் இருந்தது ரெஜிஸ்ட்ரி இல்லை, ஐ.என்.ஐ கோப்பு. 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே வின் டாட் ஐ.என்.ஐ இருந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதற்குக் கீழே 'இது = அது' என்று வரிகள். நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம், மாற்றலாம். எங்கள் கடைக்கு வரும் சர்வீஸ் அண்ணன் இதை 'இனி ஃபைல்' என்றுதான் சொல்வார். "இனி ஃபைல் போச்சுன்னா இனி ஒண்ணும் இல்லை தம்பி" என்பார். அந்த ஜோக்கை ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வார்.

ஐ.என்.ஐ கோப்பில் ஒரு நல்ல குணம் உண்டு, மனுஷன் படிக்கலாம். சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு ஒரு ஐ.என்.ஐ போட ஆரம்பித்தது. போடாதவை வின் டாட் ஐ.என்.ஐ-க்குள்ளேயே தங்கள் வரிகளைத் திணித்தன. ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் நிலக் கணக்கைத் தன் நோட்டில், தனக்குத் தோன்றிய மாதிரி எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? மென்பொருளை நீக்கினால் அதன் வரிகள் அங்கேயே கிடக்கும். கோப்பு 64 கே.பி-யைத் தாண்டினால் தாண்டிய பகுதியை விண்டோஸ் கண்டுகொள்ளாது. தலைப்புக்குள் தலைப்பு வைக்க முடியாது, ஒரே அடுக்குதான். எல்லாமே எழுத்து, எண் என்றாலும் எழுத்தாகத்தான் எழுதி, படிக்கிற நிரல் அதை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, இது என்னுடையது, அது உன்னுடையது என்கிற பேச்சே அதில் இல்லை. ஒரே கணினியை இரண்டு பேர் பயன்படுத்தினால் இருவருக்கும் ஒரே வால்பேப்பர்.

1992 ஏப்ரலில் விண்டோஸ் 3.1 வந்தது. அதில்தான் முதல் ரெஜிஸ்ட்ரி. ஆனால் அதை இன்றைய ரெஜிஸ்ட்ரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரெக் டாட் டேட் என்று ஒரே ஒரு சின்னக் கோப்பு. வந்த காரணமும் சின்னதுதான். வேர்ட் ஆவணத்துக்குள் ஒரு எக்ஸெல் அட்டவணையைச் செருகும் வசதி அப்போது புதிது. ஓ.எல்.இ என்று பெயர். செருகிய அட்டவணையை இரட்டைக் கிளிக் செய்தால் எந்த நிரலைக் கூப்பிடுவது? இந்த வகைப் பொருளுக்கு இந்த நிரல் என்று யாராவது எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்காக வைத்த பதிவேடு அது. வேர் ஒன்றே ஒன்று, 'எச்-கீ கிளாசஸ் ரூட்'. ரெஜ்எடிட் நிரலும் அப்போதே உண்டு, ஆனால் சாதாரணமாகத் திறந்தால் கோப்பு வகைகளின் பட்டியல் மட்டும்தான் தெரியும். கட்டளையோடு ஒரு சாய்கோடும் 'வி' எழுத்தும் சேர்த்து அடித்தால்தான் உள்ளே இருக்கும் மரம் தெரியும்.

ஆக, இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள கணினிகளின் நாடி நரம்பாக இருக்கிற விஷயம், வேர்டுக்குள் எக்ஸெல் செருகும் பிரச்சனைக்காக முளைத்தது.

*

நிஜமான ரெஜிஸ்ட்ரியைக் கட்டியது வேறு ஒரு கூட்டம். 1988-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்கிற கம்பெனியில் இருந்து டேவ் கட்லர் என்ற பொறியாளரை மைக்ரோசாஃப்ட் கூட்டி வந்தது. அவர் தலைமையில் அடியில் இருந்து புதிதாக எழுதிய இயங்குதளம் விண்டோஸ் என்.டி. 1993 ஜூலையில் வெளிவந்தது. அலுவலகங்களுக்கும் சர்வர்களுக்கும் என்று எழுதியது. பல பயனர்கள், அவரவருக்கு அனுமதி, பிணையத்தின் வழியே தூரத்தில் இருந்து நிர்வாகம். இதற்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு சரிப்படாது. தாலுகா ஆபீஸ் மாதிரி ஒரே இடத்தில் பதிவேடு வேண்டும், எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பூட்டு வேண்டும்.

அப்படித்தான் 'எச்-கீ லோக்கல் மெஷின்', 'எச்-கீ யூசர்ஸ்', 'எச்-கீ கரன்ட் யூசர்' எல்லாம் வந்தன. பெயர் முன்னால் வருகிற 'எச்' எழுத்து ஹேண்டில், அதாவது கைப்பிடி. நிரலாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மாறிலிப் பெயர், அப்படியே திரைக்கும் வந்துவிட்டது. ரெஜ்எடிட்டைத் திறந்ததுமே பெரிய எழுத்தில் கத்துகிற மாதிரி அந்தப் பெயர்கள் நிற்பதற்கு அதுதான் காரணம்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இடது பக்கம் ஃபோல்டர் மாதிரி தெரிவதற்கு 'கீ' என்று பெயர். வலது பக்கம் அதற்குள் இருப்பது 'வேல்யூ'. அந்த வேல்யூவுக்கு ஒரு பெயர், ஒரு வகை, ஒரு தரவு. எழுத்து என்றால் ரெக் எஸ்-இசட், 32 பிட் எண் என்றால் ரெக் டி-வேர்ட், வெறும் பைட்டுகள் என்றால் ரெக் பைனரி. அரைவாசிப் பேர் வேல்யூவைத்தான் 'கீ' என்று சொல்வார்கள். நானும் சொல்வேன்.

இந்த மரம் வட்டில் ஒரே கோப்பாக இல்லை. சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், செக்யூரிட்டி, சாம், டிஃபால்ட் என்று நீட்சிப் பெயர் இல்லாத கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'ஹைவ்' என்று பெயர். ஹைவ் என்றால் தேன்கூடு. ஏன் தேன்கூடு? மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2003-இல் இதற்குப் பதில் எழுதினார். என்.டி குழுவில் ஒருவருக்குத் தேனீ என்றாலே ஆகாதாம். அதனால் ரெஜிஸ்ட்ரியை எழுதியவர், முடிந்த இடத்தில் எல்லாம் தேனீயை நுழைத்துவிட்டார். கோப்புக்குத் தேன்கூடு என்று பெயர், உள்ளே தரவு இருக்கும் துண்டுக்கு 'செல்', அதாவது தேன்கூட்டின் அறை. ஆபீஸில் ஒருவரை வெறுப்பேற்றச் செய்த குறும்பு, முப்பது வருஷமாகப் பாடப்புத்தகங்களில் கலைச்சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

என்.டி-யில் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. கணினி கிளம்புவதற்குத் தேவையான அமைப்புகள், அதாவது எந்த டிரைவர், எந்த சர்வீஸ் என்கிற பகுதி, ஒரு பிரதி இல்லை, பல பிரதிகள். அவற்றுக்கு 'கன்ட்ரோல் செட்' என்று பெயர். பக்கத்திலேயே 'செலெக்ட்' என்ற கீ. அதில் நான்கு எண்கள்: இப்போது ஓடுவது எது, வழக்கமானது எது, தோற்றுப்போனது எது, கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எது. ஒருவர் வெற்றிகரமாக லாகின் செய்த பிறகுதான் 'இது நல்ல பிரதி' என்று குறித்துக்கொள்ளும். புது டிரைவர் போட்டு கணினி கிளம்பவில்லை என்றால், கிளம்பும்போதே 'கடைசியாகச் சரியாக இருந்தது' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 'கரன்ட் கன்ட்ரோல் செட்' என்று நாம் திறந்து பார்க்கும் கீ உண்மையில் ஒரு கீயே இல்லை. செலெக்ட் காட்டும் பிரதிக்கான சுட்டி மட்டும்.

*

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95. ரெஜிஸ்ட்ரி வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். இது என்.டி-யின் தேன்கூடு இல்லை, அதே பெயரில் வேறு கட்டடம். சிஸ்டம் டாட் டேட், யூசர் டாட் டேட் என்று இரண்டு கோப்புகள். பூட்டும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம். செருகினால் போதும் தானாக வேலை செய்யும் என்று விளம்பரப்படுத்திய வன்பொருள் வசதிக்காக, வட்டிலேயே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஒரு வேரும் இருந்தது, 'எச்-கீ டைன் டேட்டா'. பாதுகாப்புக்கு ஒரே ஒரு பழைய பிரதி, நீட்சிப் பெயரில் கடைசி எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டு.

இடது பக்கம் மரம், வலது பக்கம் மதிப்புகள் என்று இன்று நாம் பார்க்கிற ரெஜ்எடிட் முகம் 95-இல் வந்ததுதான். அது அப்படியே பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரி இருக்கும். அதுதான் வினை என்று எனக்குத் தோன்றும். பார்க்கச் சாதாரண ஃபோல்டர்கள் மாதிரி இருந்தால், கை தானாக டெலீட்டுக்குத்தான் போகும். என் கை போன மாதிரி.

விண்டோஸ் 98-இல் மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் பாடம் கற்றிருந்தது. ஸ்கேன்ரெக் என்று ஒரு நிரல். தினமும் முதல் முறை விண்டோஸ் ஒழுங்காகக் கிளம்பியதும், ரெஜிஸ்ட்ரியைச் சரிபார்த்து, சுருக்கி, ஒரு கேப் கோப்பாக வைத்துக்கொள்ளும். சாதாரணமாக ஐந்து பிரதிகள். ஆறாவது எடுக்கும்போது மிகப் பழையது போய்விடும்.

இப்போது தஞ்சாவூர்க் கடைக்குத் திரும்பலாம்.

திங்கட்கிழமை ராத்திரி எட்டரை மணி. முதலாளி என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சர்வீஸ் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் வந்து முதலில் கேட்டது, "தம்பி, என்னிக்கு கை வச்சே?"

"புதன்கிழமைண்ணே. சாயங்காலம்."

"காலைல மெஷின் ஆன் பண்ணாங்களா?"

"பில் போட தினமும் ஆன் பண்ணுவாங்கண்ணே. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

விரல் விட்டு எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி, சனி, திங்கள். ஐந்து. புதன் காலையில் எடுத்த பிரதிதான் நான் கை வைப்பதற்கு முந்தையது. அதுதான் வரிசையில் கடைசி. "நாளைக்குக் காலைல இதை ஆன் பண்ணி விண்டோஸ் வந்திருந்தா, அந்தப் பிரதி போயிருக்கும். முதலாளி, நல்ல வேளை இன்னிக்கே கூப்பிட்டீங்க."

எஃப் 8-ஐ அழுத்திக்கொண்டே கிளப்பினார். விண்டோஸுக்குள் போகாமல் கறுப்புத் திரை. ஸ்கேன்ரெக், இடைவெளி, சாய்கோடு, ரெஸ்டோர். நீலத்திரையில் ஐந்து தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஸ்டார்ட்டட்'. கீழ் அம்புக்குறியை நாலு தடவை அழுத்தினார். என்டர். மறுபடி கிளம்பியதும் அக்கா எழுத்துரு மென்பொருளைத் திறந்தார். திறந்தது. ஸ்டார்ட் மெனுவும் பழையபடி ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது.

அண்ணன் கிளம்பும்போது முதலாளியிடம், "இவனை வேலையை விட்டு எடுத்துடாதீங்க, இனிமே இவன் தொட மாட்டான்" என்றார். இரண்டும் நடக்கவில்லை. முதலாளி எடுக்கவில்லை, நான் தொடாமலும் இல்லை.

இதோடு ஒரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். பிந்தைய விண்டோஸ்களிலும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெக்பேக் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, அங்கே தேன்கூடுகளின் பிரதி தானாக விழும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் இருந்து, வட்டில் இடம் மிச்சப்படுத்த என்று மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் பெயரோடு இருக்கும், அளவு பூஜ்யம். 98-இல் இருந்த ஐந்து பிரதி, இவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் காலத்தில் இல்லை. சிஸ்டம் ரெஸ்டோரை நம்பிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

*

ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 1996-இல் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும்.

என்.டி 4.0 இரண்டு வகையில் விற்றது, வொர்க்ஸ்டேஷன், சர்வர். இரண்டுக்கும் விலையில் பல நூறு டாலர் வித்தியாசம். இணையம் சூடுபிடித்த காலம். ஓரெய்லி பதிப்பகம் தெரியும் இல்லையா, அட்டையில் மிருகப் படம் போட்ட புத்தகங்கள்? அவர்கள் அப்போது வெப் சர்வர் மென்பொருளும் விற்றார்கள். அதை விலை குறைந்த வொர்க்ஸ்டேஷனில் போட்டு ஓட்டலாம் என்பதுதான் அவர்களுடைய விற்பனையே. 4.0-இன் சோதனைப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட், வொர்க்ஸ்டேஷனுக்குள் பத்து கணினிகளுக்கு மேல் இணையக் கூடாது என்று தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் நிரலில் இருந்து தடையை எடுத்துவிட்டு, உரிம ஒப்பந்தத்தில் மட்டும் வைத்துக்கொண்டது. அவர்கள் சொன்ன காரணம், இரண்டும் வேறு வேறு வேலைக்காகச் செய்த வேறு வேறு பொருட்கள்.

ஓரெய்லியில் இருந்த ஆண்ட்ரூ ஷுல்மனும், மார்க் ரஸினோவிச் என்ற இளம் ஆய்வாளரும் இதைத் தோண்டினார்கள். இரண்டிலும் கெர்னல் கோப்பு ஒன்றே. கிளம்பும்போது அது ரெஜிஸ்ட்ரியில் 'பிராடக்ட் டைப்' என்ற வேல்யூவைப் படிக்கிறது. 'வின் என்.டி' என்று இருந்தால் வொர்க்ஸ்டேஷன் மாதிரி நடந்துகொள்ளும், 'சர்வர் என்.டி' என்று இருந்தால் சர்வர் மாதிரி. சர்வரோடு கூட வேறு நிரல்களும் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அடிமடியில் இருந்த வித்தியாசம் ரெஜிஸ்ட்ரியில் இருந்த ஒரு சொல்தான்.

சரி, அந்தச் சொல்லை ரெஜ்எடிட்டில் மாற்றிவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. கெர்னலுக்குள் இதற்கென்றே ஒரு காவல். யாராவது அந்த வேல்யூவை மாற்றினால் உடனே பழையபடி எழுதிவிட்டு, உரிமத்தை மீறுகிறீர்கள் என்று திரையில் எச்சரிக்கும். பதிவேட்டில் எல்லாப் பக்கமும் சொந்தக்காரர் திருத்தலாம், ஒரு வரியைத் தவிர என்று தாலுகா ஆபீஸில் ஆள் நிற்பது மாதிரி.

இந்த ரஸினோவிச்சும் அவருடைய நண்பர் பிரைஸ் காக்ஸ்வெல்லும் அதே காலத்தில் எழுதிய நிரல்தான் ரெக்மான். எந்த நிரல் எந்த நொடியில் எந்தக் கீயைப் படிக்கிறது என்று நேரலையாகக் காட்டும். ரெஜிஸ்ட்ரியைப் பற்றி நம்மில் பலர் கற்றது மைக்ரோசாஃப்டின் ஆவணங்களில் இருந்து இல்லை, ரெக்மானைப் பார்த்துத்தான். ஒரு கணினி சும்மா இருக்கும்போதுகூட வரிகள் அருவி மாதிரி கொட்டும். 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய கம்பெனியையே வாங்கிக்கொண்டது. ரஸினோவிச் பிறகு அங்கேயே பெரிய பதவிக்குப் போனார்.

*

பூட்டில்லாத பதிவேடு இருந்தால் திருடனும் அதில் தன் பெயரை எழுதுவான். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்று வந்த மின்னஞ்சல் நினைவிருக்கும். பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய புழு. கணினி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தானும் கிளம்ப, அது ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' கீயில் 'எம்.எஸ் கெர்னல்32' என்று ஒரு வரி போட்டது. பெயரைப் பாருங்க! அதைப் பார்த்து யார் அழிக்கத் துணிவார்கள்? என்னை மாதிரி ஆளைத் தவிர. எழுதியவர் மீதான வழக்கு நிற்கவில்லை, அன்றைக்கு பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே இல்லை. அடுத்த மாதம்தான் சட்டம் வந்தது.

இன்னும் கில்லாடி, 2005-இல் இந்தோனேசியாவில் இருந்து வந்த பிரான்டோக். அப்போது நான் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தேன். பென்டிரைவில் மஞ்சள் ஃபோல்டர் மாதிரி ஐகானோடு வரும், திறந்தால் தீர்ந்தது. அது செய்கிற முதல் காரியம், ரெஜ்எடிட்டைத் தடை செய்வது. அதற்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி வேல்யூதான், அலுவலக நிர்வாகிகளுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்தது. நாம் ரெஜ்எடிட் என்று அடித்தால், 'உங்கள் நிர்வாகி இதை முடக்கியுள்ளார்' என்று பதில் வரும். முடக்கிய நிர்வாகி ஜகார்த்தா பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்! பூட்டைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. ஐ.என்.எஃப் கோப்பு ஒன்றை எழுதி, வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது பின்வாசல் வழியாகப் போய் அந்த வேல்யூவை மாற்றும். அந்தக் கோப்பை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைத் தேடியது: 19790509. அந்த எண் இருக்கும் கணினியை விட்டுவிட்டு ஒதுங்கிப் போகும். 1979 மே 9-ஆம் தேதி தெஹ்ரானில் ஒரு யூதத் தொழிலதிபர் சுட்டுக் கொல்லப்பட்டார், அதைத்தான் குறிக்கிறது என்று ஊகித்தார்கள். ஆராய்ந்த சிமான்டெக் நிறுவனமே, இதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், திசைதிருப்பவும் போட்டிருக்கலாம் என்று எழுதியது.

வைரஸ்காரர்களை விட எனக்கு அதிகக் கோபம் ரெஜிஸ்ட்ரி கிளீனர் விற்றவர்கள் மேல். ரெஜிஸ்ட்ரியில் குப்பை சேர்ந்தால் கணினி மெதுவாகும், சுத்தம் செய்தால் பறக்கும் என்று பத்து வருஷத்துக்கும் மேல் ஒரு வியாபாரம் ஓடியது. உள்ளே பெயர்கள் வரிசைப்படுத்தித்தான் இருக்கின்றன. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்தில் இருநூறு செத்த பதிவுகள் இருந்தால் தேடும் நேரத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் அவர்களுடைய நிரல் சிவப்பு எழுத்தில் 'ஆயிரம் பிழைகள்' என்று காட்டும்போது யாருக்குத்தான் பயம் வராது? 2008-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து இப்படி ஒரு விற்பனையாளர் மேல் வழக்குப் போட்டார்கள். பொய் எச்சரிக்கையைத் திரையில் தள்ளி 39.95 டாலருக்குக் கிளீனர் விற்ற வழக்கு. மைக்ரோசாஃப்டே ஒரு காலத்தில் ரெக்கிளீன் என்று வெளியிட்டுப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

*

2000-க்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லலாம். விண்டோஸ் 2000 வரை இரண்டு எடிட்டர்கள் இருந்தன. ரெஜ்எடிட்டில் தேடுவது சுலபம், ரெஜ்எடிட்32-இல்தான் யாருக்கு அனுமதி என்று மாற்ற முடியும். நிர்வாகிகள் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். 2001-இல் எக்ஸ்.பி வந்தபோது இரண்டும் ஒன்றாயின. 95-இன் பூட்டில்லாத கட்டடமும் அதோடு முடிந்தது, வீட்டுக் கணினியும் தேன்கூட்டுக்கு மாறியது. விண்டோஸ் 2000-இல்தான் தமிழ் யூனிகோடும் லதா எழுத்துருவும் வந்தன. ரெஜிஸ்ட்ரியில் 'கீபோர்ட் லேஅவுட்ஸ்' என்ற கீயைத் திறந்து 00000449 என்ற எண்ணைத் தேடுங்கள், அது நம்முடைய தமிழ் விசைப்பலகை. பார்த்தால் போதும், கை வைக்க வேண்டாம்.

அப்புறம் பதினைந்து வருஷம் ரெஜ்எடிட்டை யாரும் சீண்டவில்லை. ஒரு கீக்குப் போக மரத்தை ஒவ்வொரு கிளையாக விரித்துக்கொண்டே போக வேண்டும். 2017-இல் விண்டோஸ் 10-இன் ஒரு புதுப்பிப்பில்தான் மேலே முகவரிப் பட்டை வந்தது. பாதையை ஒட்டி என்டர் அடிக்கலாம். அந்த ஒரு பட்டைக்கு 95-இல் இருந்து இருபத்திரண்டு வருஷம்.

உள்ளே அடித்தளம் அதைவிடப் பழையது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவில் மதேயுஷ் யுர்சிக் என்ற ஆய்வாளர் 2022, 2023-இல் ரெஜிஸ்ட்ரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் கிடைத்தன. தொண்ணூறுகளில் கட்டிய வீட்டில் மாடிக்கு மேல் மாடி எழுப்பிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இந்தப் பதிவுக்காக நேற்று என்னுடைய விண்டோஸ் 11 கணினியில் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். வின் டாட் ஐ.என்.ஐ இன்னும் அங்கேதான் இருக்கிறது. நோட்பேடில் திறந்தேன். பத்து வரிகூட இல்லை. முதல் வரி ஒரு குறிப்பு: 16 பிட் நிரல்களுக்காக வைத்திருப்பது என்கிறது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும். அதில் ஒரு 16 பிட் நிரல்கூட ஓடாது.

சர்வீஸ் அண்ணனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். இன்னும் பதில் வரலை.